முகத்தைத் தொட எத்தனை மணி நேரம்?

ஃப்ளோரிடாவில் ஒருவருக்கு ஃபேஷியல் செய்து காசு வாங்க வேண்டுமானால் 220 மணி நேரப் பயிற்சி போதும். எல்லையைத் தாண்டி ஜார்ஜியாவுக்கோ அலபாமாவுக்கோ போய்விட்டால் அதே வேலைக்கு 1,000 மணி நேரம். பென்சில்வேனியா 300 கேட்கிறது. நியூயார்க், நியூஜெர்சி, கலிஃபோர்னியா ஆகியவை 600. டெக்சாஸும் இல்லினாயும் 750. கனெக்டிகட் 2020 வரை எதுவுமே கேட்காமல் இருந்தது, இப்போது அதுவும் 600-க்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் எஸ்தடீஷியன் என்று அழைக்கப்படுகிற சருமப் பராமரிப்புக்காரருக்கான உரிமம் இப்படி மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. எல்லையின் இந்தப் பக்கம் இருப்பவர் முகத்துக்கும் அந்தப் பக்கம் இருப்பவர் முகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், எந்த மாநில வாரியத்திடமும் நேரான பதில் கிடையாது.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன, யாருக்குப் பயன்படுகின்றன, வாடிக்கையாளரின் தோலை இவை உண்மையிலேயே காப்பாற்றுகின்றனவா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: உரிமம் வேண்டும், மணிக்கணக்கு வேண்டாம்.

அழகுக்கலைப் பள்ளியில் படிப்பு என்பது கிட்டத்தட்ட ஆலையில் ஷிஃப்ட் போடுவதுதான். காலையில் வந்ததும் வருகை நேரம் பதிவு, உணவு இடைவேளைக்குப் போகும்போது பதிவு, திரும்பும்போது பதிவு. பாடம் புரிந்ததா என்பதைவிட நேரம் சேர்ந்ததா என்பதே முக்கியம். காய்ச்சலில் படுத்தால் அந்த மணி நேரங்கள் கடனாக நிற்கும், பிறகு வந்து தீர்க்க வேண்டும். பாடப்புத்தகம் பெரும்பாலும் மிலேடி பதிப்பகத்தினுடையது. 1927-லிருந்து இந்தத் தொழிலுக்குப் புத்தகம் போட்டு வரும் நிறுவனம் அது. செல், தசை, நரம்பு, அமிலம், காரம், மின்சாரம், தோல் நோய்கள், மாநிலச் சட்டம் என்று அதில் இல்லாதது இல்லை. கண்ணாடிக் குழாய்க்குள் ஊதா வெளிச்சம் மின்னும் ஹை ஃப்ரீக்வென்சி கருவியை இன்றைக்கும் விடாமல் சொல்லித் தருகிறார்கள். வேலைக்குப் போகிற இடத்தில் அதைத் தொடாமலேயே காலம் தள்ளுகிறவர்கள் உண்டு.

ஆனால் இந்தப் படிப்பில் உண்மையான கனம் இருக்கிற இடங்களும் உண்டு. வேக்சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மரக்குச்சியை மெழுகில் ஒருமுறை தோய்த்தால் ஒரே ஒரு பூச்சு, அத்தோடு குச்சி குப்பைக்கு. தோலைத் தொட்ட குச்சி திரும்ப மெழுகுச் சட்டிக்குள் போனால், அடுத்து வரும் எல்லோர் முகத்துக்கும் அந்த முதல் ஆளின் கிருமி போகும். மெழுகைத் தொடுவதற்கு முன்பே இன்னொரு வேலை இருக்கிறது. பருவுக்கு ஐசோட்ரெடினோயின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, ரெட்டினாய்டு கிரீம் பூசுகிறீர்களா என்று கேட்க வேண்டும். அப்படிச் சாப்பிடுகிறவர் புருவத்தில் மெழுகு வைத்து இழுத்தால் முடியோடு மேல்தோலும் உரிந்து வரும். கரும்புள்ளி எடுப்பதும் அப்படித்தான். ஆவி பிடித்து, பூதக்கண்ணாடி விளக்கின் கீழே, கையுறை போட்ட விரலில் பஞ்சு சுற்றி இரு பக்கமும் மெல்ல அழுத்த வேண்டும். வரவில்லையென்றால் விட்டுவிட வேண்டும். விடத் தெரியாதவர்தான் வடுவை உண்டாக்குகிறார். எப்போது கையை எடுத்துவிட வேண்டும் என்று தெரிவதுதான் இந்தத் தொழிலின் பாதி. அது மணிக்கணக்கில் வருவதில்லை, பக்கத்தில் நின்று பார்க்கிற ஆசிரியரால் வருகிறது.

அப்படியானால் மணிக்கணக்கு ஏன்? வரலாற்றுக் காரணங்கள் பல உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது பணம். அமெரிக்க மத்திய அரசின் பெல் கிராண்ட் என்கிற திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை கிடைக்க வேண்டுமானால், இந்த மாதிரித் தொழிற்படிப்பு குறைந்தது 600 மணி நேரமும் 15 வாரமும் இருக்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. 300-க்கும் 600-க்கும் இடைப்பட்ட படிப்புக்குக் கடன் மட்டும் கிடைக்கலாம். அதற்கும் 70 சதவீதம் பேர் படிப்பை முடித்து, 70 சதவீதம் பேர் வேலைக்குப் போயிருக்க வேண்டும். பல மாநிலங்கள் கேட்கும் மணி நேரம் சரியாக 600 என்பது இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாநிலம் 600-ஐ 400 ஆக்கலாமா என்று யோசிக்கும்போது, அங்குள்ள பள்ளிகள் ஏன் பதறுகின்றன என்பது இதைத் தெரிந்துகொண்டால் புரிந்துவிடும்.

உதவித்தொகை வந்தால் கட்டணம் ஏறுமா? பொருளாதார அறிஞர்கள் ஸ்டெஃபனி செல்லினியும், பிற்பாடு 2023-ல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டினும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தோண்டியது. இலாப நோக்குள்ள தொழிற்பள்ளிகளில் மத்திய அரசு உதவி பெறத் தகுதியுள்ளவை, தகுதியில்லாத அதே மாதிரிப் பள்ளிகளைவிட ஏறத்தாழ முக்கால் பங்கு கூடுதலாகக் கட்டணம் வாங்கின. அழகுக்கலைப் பள்ளிகள் இந்த வகையில் பெருங்கூட்டம். உதவித்தொகை மாணவியின் பெயரில் வருகிறது, பள்ளியின் கல்லாவுக்குப் போகிறது, மிச்சத்துக்கு அவர் கடன் வாங்குகிறார்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மரினெல்லோ அழகுக்கலைப் பள்ளிகள் ஓர் எடுத்துக்காட்டு. 1905-ல் தொடங்கிய பெயர் அது. 2016 பிப்ரவரியில் கல்வித் துறை உதவித்தொகையை நிறுத்தியதும் 56 கிளைகளும் ஒரே வீச்சில் மூடப்பட்டன. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களுக்குச் செல்லாத டிப்ளமா வாங்கிக் கொடுத்து உதவித்தொகைக்குத் தகுதியாக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. 2022 ஏப்ரலில் கல்வித் துறை 28,000 மாணவர்களின் 238 மில்லியன் டாலர் கடனைத் தள்ளுபடி செய்தது. வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில், ஆசிரியரே இல்லாமல் மாணவிகளை விட்டிருந்தார்கள் என்று அப்போது பதிவாயிற்று. அந்த மாணவிகளுக்கும் மணி நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மணிக்கணக்கு எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

பள்ளிக்கு இன்னொரு வருமானமும் உண்டு. குறிப்பிட்ட நேரம் தியரி முடிந்ததும் மாணவிகளை ‘கிளினிக் ஃப்ளோர்’ என்கிற கூடத்துக்கு அனுப்புவார்கள். வெளியிலிருந்து வரும் வாடிக்கையாளர்கள் மலிவு விலையில் ஃபேஷியலும் வேக்சிங்கும் செய்துகொள்வார்கள். காசு பள்ளிக்கு, வேலை மாணவிக்கு, சம்பளம் கிடையாது. நாங்கள் தொழிலாளர்கள் இல்லையா என்று மாணவிகள் வழக்குப் போட்டார்கள். 2017-ல் இரண்டு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இல்லை என்றன: இவர்கள் மாணவர்கள், உரிமம் பெறத்தான் இதைச் செய்கிறார்கள். 2020-ல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்த்தது. வாடிக்கையாளருக்குச் செய்யும் சேவையை ஒன்றாகவும், தரை துடைப்பது, துணி துவைப்பது, அலமாரி அடுக்குவது ஆகியவற்றை வேறாகவும் எடைபோட வேண்டும் என்றது. துடைப்பம் பிடித்த நேரமும் பயிற்சி நேரமாகக் கணக்கில் ஏறுகிறதென்றால், அதற்குக் கட்டணமும் மாணவிதான் கொடுக்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.

உரிமச் சண்டையில் தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமானது த்ரெட்டிங். அமெரிக்காவின் ஷாப்பிங் மால்களில் நூலால் புருவம் எடுக்கும் கடைகளில் தெற்காசியப் பெண்களைத்தான் பெரும்பாலும் பார்க்க முடியும். ஊரில் பதினைந்து வயதில் அக்காவிடமோ பக்கத்துத் தெரு பார்லரிலோ கற்றுக்கொண்ட வேலை. டெக்சாஸ் மாநிலம் ஒரு கட்டத்தில் இவர்களுக்கு அபராதம் போடத் தொடங்கியது. புருவத்தைத் தொட வேண்டுமானால் எஸ்தடீஷியன் லைசென்ஸ் வேண்டும், 750 மணி நேரம் படித்து வாருங்கள் என்றது. அந்த 750 மணி நேரத்தில் த்ரெட்டிங்குக்கு என்று கட்டாயப் பாடம் இல்லை. பெரும்பாலான பள்ளிகளில் அது சொல்லித் தரப்படவும் இல்லை. மாநிலத் தேர்விலும் அதைக் கேட்கவில்லை. பீலிங், மேக்கப், மெழுகு எல்லாம் படித்துத் தேறிவிட்டு, கடைசியில் ஏற்கெனவே தெரிந்த நூலை எடுக்க வேண்டியிருந்தது.

2009-ல் வழக்குப் போட்டார்கள். பட்டேல் என்பவர் பெயரில் நடந்த அந்த வழக்கில் 2015 ஜூன் 26 அன்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் த்ரெட்டிங்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 750-ல் 40 சதவீதத்துக்கும் மேல் த்ரெட்டிங்குக்குச் சம்பந்தமில்லாதது என்பதை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டிருந்தது. இவ்வளவு பொருந்தாத சுமையை ஏற்றுவது, தொழில் செய்து பிழைக்கிற உரிமையை நசுக்குவதாகும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். மாறுபட்ட மூன்று நீதிபதிகளின் கவலையையும் தள்ளிவிட முடியாது. எத்தனை மணி நேரம் என்று தீர்மானிக்க வேண்டியது சட்டமன்றமா, நீதிமன்றமா என்று அவர்கள் கேட்டார்கள்.

தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன். ஆனால் அதைக் கொண்டாடியவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டார்கள். த்ரெட்டிங் அவ்வளவு அப்பாவியான வேலையும் அல்ல. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு எடுக்கிற பழக்கம் நமக்கெல்லாம் தெரியும். அதே நூல், அதே வாய், அடுத்த முகம். த்ரெட்டிங்குக்குப் பிறகு புருவத்தில் மரு பரவிய நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. இதற்குத் தேவை சுத்தம் பற்றிய உருப்படியான சில நாள் பயிற்சியும், கண்முன் செய்து காட்டுகிற ஒரு தேர்வும். 750 மணி நேரமும் அபத்தம், பூஜ்யமும் அபத்தம்.

வழக்கை நடத்திய இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ் என்ற அமைப்பு 2012-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. முடி, சருமம், நகம் எல்லாவற்றுக்கும் சேர்த்த காஸ்மெட்டாலஜி உரிமத்துக்குச் சராசரியாக 372 நாள், ஆம்புலன்ஸில் வரும் அவசர மருத்துவ உதவியாளருக்கு 33 நாள். அதற்குப் பிறகு இந்த ஒப்பீட்டை மேற்கோள் காட்டாத பத்திரிகையே இல்லை. கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் 33 நாள் குறைவோ என்றும் ஒருவர் கேட்கலாமே. தொழில் உரிமங்களை எதிர்த்து வழக்காடுகிற ஓர் அமைப்பு தேர்ந்தெடுத்த இரண்டு எண்கள் அவை என்ற நினைவோடு படிப்பது நல்லது.

ஏனென்றால் எதிர்ப்பக்கத்தின் கதைகள் பயங்கரமானவை. 2000-ல் கலிஃபோர்னியாவின் வாட்சன்வில்லில் ஒரு நகப் பராமரிப்புக் கடையின் கால் ஊறவைக்கும் தொட்டிகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் காலில் ஆறாத கொப்புளங்கள் வந்தன. தண்ணீர் உறிஞ்சும் சல்லடைக்குப் பின்னால் முடியும் அழுக்கும் அடைந்து, அதில் மைக்கோபாக்டீரியம் குடியிருந்தது. 2018-ல் நியூமெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் ஒரு ஸ்பாவில், வாடிக்கையாளரின் இரத்தத்தையே எடுத்து ஊசிமுனைகளால் முகத்தில் ஏற்றும் ‘வேம்பயர் ஃபேஷியல்’ செய்துகொண்டவர்களில் மூன்று பேருக்கு அங்கிருந்தே எச்ஐவி தொற்றியிருக்கக்கூடும் என்று மத்திய நோய்த்தடுப்பு மையம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. பெயர்ச்சீட்டு இல்லாத இரத்தக் குழாய்கள் ஃப்ரிட்ஜில் சாப்பாட்டோடு இருந்தனவாம். பிரித்த சிரிஞ்சுகள் மேசை இழுப்பறையில் கிடந்தனவாம்.

இரண்டையும் உரிமத்துக்கான வாதமாகச் சொல்வார்கள். சரிதான், ஆனால் கவனமாகப் பாருங்கள். ஆல்புகர்க்கி ஸ்பாவுக்கு உரிமமே இல்லை. அங்கே நடந்ததோ மருத்துவம், வழக்கமான எஸ்தடீஷியன் உரிமம் அனுமதிக்காத வேலை. எடுத்துக்காட்டாக, கலிஃபோர்னியாவில் எஸ்தடீஷியன் லேசரைத் தொடக் கூடாது, தோலைத் துளைக்கவும் கூடாது. சட்டம் ஏற்கெனவே இருந்தது, கதவைத் தட்டிப் பார்க்க ஆள்தான் இல்லை. வாட்சன்வில் தந்த பாடமும் சல்லடையைக் கழற்றிக் கழுவு, எப்போது கழுவினாய் என்று எழுதி வை என்பதுதான். இரண்டு இடத்திலும் குறைந்தது ஆய்வாளர்தானே தவிர வகுப்பு நேரம் அல்ல.

இந்த இடத்தில்தான் தேர்வு பற்றிப் பேச வேண்டும். மணிக்கணக்கைக் குறைக்கச் சொல்லும் சீர்திருத்தக்காரர்களோடு நான் முரண்படுவது இங்கேதான். கலிஃபோர்னியா 2022 ஜனவரி முதல் செய்முறைத் தேர்வையே எடுத்துவிட்டது. இப்போது கணினியில் எழுத்துத் தேர்வு மட்டும். பழைய செய்முறைத் தேர்வில் எரிச்சலூட்டும் சடங்குகள் நிறைய இருந்தது உண்மை. ஒவ்வொரு பொருளும் தனிப் பையில், பைக்குப் பெயர்ச்சீட்டு, சீட்டில் எழுத்து தப்பினால் மதிப்பெண் போயிற்று. பல வேலைகளை ரப்பர் தலையில் செய்தால் போதும், பூசுவதுபோல் பூச வேண்டியதுதான். தேர்வுக்கென்றே பெட்டி கட்டி விற்கிற வியாபாரமும் வளர்ந்திருந்தது.

ஆனால் அந்தத் தேர்வில் ஒரு பகுதி இருந்தது, இன்றும் பல மாநிலங்களில் இருக்கிறது: இரத்தம் வந்தால் என்ன செய்வாய்? வேலையை உடனே நிறுத்த வேண்டும். கையுறை இல்லையென்றால் போட வேண்டும். காயத்தைச் சுத்தம் செய்து, மருந்து தடவி, கட்டுப் போட வேண்டும். இரத்தம் பட்ட பஞ்சை இரட்டைப் பையில் கட்டிப் போட வேண்டும். கருவியைக் கழுவி, மருத்துவமனைத் தரக் கிருமிநாசினியில் குறிப்பிட்ட நேரம் முழுதும் மூழ்கவைக்க வேண்டும். சலூன் மேசையில் நீல நிறத்தில் நிற்கும் அந்தத் திரவத்துக்குப் பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம், கண்ணாடி ஜாடியில் முக்கி எடுப்பது அலங்காரம். இதன் வரிசையைக் கணினித் திரையில் சரியாக டிக் அடிக்கிறவர், நிஜமாக இரத்தத்தைப் பார்த்ததும் அழுக்குக் கையுறையோடு கிரீம் டப்பாவைத் திறக்கிறார். கை செய்வதை அளக்கக் கையைத்தான் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியா தூக்கிப் போட்டிருக்க வேண்டியது மணிக்கணக்கை, தூக்கிப் போட்டதோ செய்முறையை. எஸ்தடீஷியனுக்கான 600 மணி நேரம் அந்தச் சீர்திருத்தத்தில் அப்படியே தப்பிவிட்டது.

இந்த 600-லும் 1,000-லும் போதிய இடம் பெறாத ஒன்று நம் நிறம். பள்ளிகளில் தோலின் வகையைச் சொல்லப் பயன்படுத்துவது ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல். ஹார்வர்டின் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் வகுத்தது. சொரியாசிஸ் நோயாளிகளுக்குப் புற ஊதா ஒளி எவ்வளவு கொடுக்கலாம் என்று கணிக்க, வெயிலில் தோல் எரிகிறதா கருக்கிறதா என்று கேட்டு வெள்ளைத் தோலை நான்காகப் பிரித்தார். பழுப்பும் கறுப்பும் ஐந்தாவது, ஆறாவது வகைகளாகப் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை. உலகின் பெரும்பான்மைத் தோலுக்குக் கடைசி இரண்டு கட்டம்.

இது வெறும் மனக்குறை அல்ல. வெளுத்த தோலில், அமிலம் பூசி உரிக்கும் ஒரு பீல் கொஞ்சம் அதிகமாகிவிட்டால் சிவக்கும், இரண்டு மூன்று நாளில் அடங்கும். நம் தோலில் அதே எரிச்சல் கருந்திட்டாக மாறி மாதக்கணக்கில் நிற்கும். கரும்புள்ளியை அழுத்தி எடுத்த இடம், மெழுகின் சூடு பட்ட இடம், பருவைக் கிள்ளிய இடம் எல்லாம் அப்படித்தான். மங்கு இருக்கிற பெண்ணுக்குச் சூடு கொடுத்தாலே அது கறுக்கலாம். சிவப்பைப் பார்த்து நிறுத்து என்று பாடம் சொல்கிறது, ஆனால் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. தொட்டுப் பார்த்து, சூட்டை உணர்ந்து, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர் இருக்கிறாரா, கிளினிக் ஃப்ளோருக்கு எந்த நிற முகங்கள் வருகின்றன என்பது பள்ளி எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பொறுத்த அதிர்ஷ்டம். சுருள்முடியைக் கையாளும் பயிற்சியைக் கட்டாயமாக்கி நியூயார்க் 2023-ல் சட்டம் போட்டது. சருமத்துக்கும் அப்படி ஒன்று தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கணவரின் வேலை விசாவை ஒட்டி எச்-4 விசாவில் வந்து சேர்ந்த தமிழ்ப் பெண்களுக்கு இந்தப் படிப்பின் கணக்கே வேறு. எச்-4-இல் படிக்கத் தடையில்லை, ஆனால் மத்திய அரசு உதவித்தொகை கிடையாது, கட்டணம் முழுவதும் கைக்காசு. வேலை செய்ய அனுமதி, 2015 முதல், கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட படி தாண்டியவர்களுக்கு மட்டும். லைசென்ஸைச் சட்டகம் போட்டு மாட்டிவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற நிலை வரலாம். தமிழ்நாட்டில் ஐடிஐ-யில் ஓராண்டு அழகுக்கலை படித்த சான்றிதழ் இருந்தாலும், எத்தனை மணி நேரம், என்னென்ன பாடம் என்று கணக்குக் காட்டி மதிப்பிட வைத்தால்தான் மாநில வாரியம் கண்ணெடுத்துப் பார்க்கும். பத்தாண்டு பார்லர் அனுபவம் அந்தக் கணக்கில் பெரும்பாலும் ஏறாது. நம் ஊரில் தனி ஆளுக்கு இப்படி அரசு உரிமமே கிடையாது, கடைக்குத்தான் தொழில் உரிமம். ஆகவே கொண்டுவர ஒன்றும் இருப்பதில்லை. மாநிலம் மாறினாலும் இதே கதைதான். மாநிலங்களுக்கிடையே உரிமத்தை ஏற்றுக்கொள்ளும் புதிய ஒப்பந்தம் காஸ்மெட்டாலஜிஸ்டுகளுக்கு வந்திருக்கிறது, எஸ்தடீஷியன்கள் அதில் இல்லை.

படித்து முடித்த பிறகு வருமானம் எப்படி என்பதில் பள்ளிகளும் அரசும் ஆண்டுக்கணக்காக மல்லுக்கட்டி வருகின்றன. பட்டதாரியின் வருமானம் கடனைத் தாங்குமா என்று அரசு அளக்க முயலும்போதெல்லாம், டிப்ஸ் கணக்கில் வருவதில்லை, ஆகவே எங்கள் மாணவிகள் ஏழைகளாகத் தெரிகிறார்கள் என்று பள்ளிகள் வாதிடும். 2017-ல் வாஷிங்டனில் ஒரு மத்திய நீதிமன்றம் இந்த வாதத்துக்குச் செவிசாய்த்தது. அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் மாணவியின் கணக்கில் வராத டிப்ஸை நம்பிக் கட்டணம் நிர்ணயிக்கிற பள்ளியைப் பற்றி என்ன சொல்வது?

இப்போது பண விதியே மாறுகிறது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டப்படி, 150 மணி நேரத்திலிருந்து 600-க்குள் அடங்கும் எட்டு வாரத்துக்குக் குறையாத படிப்புகளுக்கும் 2026 ஜூலை 1 முதல் பெல் கிராண்ட் கிடைக்கலாம். மாநில ஆளுநரின் ஒப்புதல் வேண்டும், முடித்தவர்களும் வேலைக்குப் போனவர்களும் 70 சதவீதம் இருக்க வேண்டும், கட்டணத்துக்கும் வருமான உயர்வுக்கும் முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. பென்சில்வேனியாவின் 300 மணி நேரப் படிப்பு இந்த வரம்புக்குள் வருகிறது. 600-ஐ விடாமல் பிடித்துக்கொள்ளப் பள்ளிகளுக்கு இருந்த பெரிய காரணம் இதனால் தளரும். மாநிலங்கள் மணி நேரத்தைக் குறைக்க முன்வந்தால், கூடவே செய்முறைத் தேர்வையும் கடை ஆய்வையும் இறுக்குவார்களா, கலிஃபோர்னியா வழியில் அதையும் சேர்த்துக் கைவிடுவார்களா என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும். கையைப் பார்க்கிற தேர்வு இருந்தால் 300 மணி நேரம் எனக்குப் போதும். கணினித் தேர்வு மட்டும் என்றால் 1,000 மணி நேரம் படித்தவரிடமும் நான் முகத்தைக் கொடுக்க யோசிப்பேன்.